ப்ளைமவுத்தில் உப்பு

ஆவுடையப்பன் கார்க் கதவின் அடியில் விரலை விட்டுத் துழாவி எடுத்து, நாக்கில் வைத்தான்.

உப்பு இல்லை.

வெறும் தூசியும் பழைய கிரீஸும்தான். துப்பிவிட்டு அடுத்த கதவுக்குப் போனான்.

அந்தமானில், சௌல்தாரி கிராமத்துக் காண்ட்ராக்டர் ஜெகநாதனின் ஷெட்டில் நின்றது அந்த ப்ளைமவுத். ஐம்பத்து நாலாம் வருஷத்து அமெரிக்க வண்டி. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. இப்போது விலைக்கு வந்திருந்தது. சென்னையில் ஒரு பழைய கார்ப் பைத்தியம் போட்டோவைப் பார்த்தே பாதி மயங்கியாயிற்று. மீதியும் மயங்க அவருக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

அந்தமான் வண்டி என்றால் மெயின்லேண்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். சுனாமியில் நனைந்ததா?

கடல் தண்ணீர் ஏறிய வண்டி, கரையான் அரித்த கட்டில் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும்.

அதைப் பார்த்துச் சொல்ல நேர்மையான மெக்கானிக் யார் என்று விசாரித்தபோது, அபர்டீன் பஜாரில் எல்லோரும் ஆவுடையப்பன் பேரைத்தான் சொன்னார்களாம். ஜெகநாதனும் மறுக்கவில்லையாம்.

அதுதான் அவனுக்குப் புரியவில்லை. இருபத்தொரு வருஷமாக இந்த வண்டியை அவன் கண்ணில் காட்டாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த மனுஷர் அவர்.

உப்பு இருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு வண்டியில் துரு இருக்கட்டும் என்று அவன் சாமியை வேண்டிக்கொண்டது தொழிலுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, நிலம் ஆடியதில், அப்போது சௌல்தாரியிலேயே இருந்த அவன் வீட்டுச் சுவர் சரிந்து மனைவி ரெங்கம்மாவின் மேல் விழுந்தது. கல்லைப் புரட்டி வெளியே எடுத்தபோது அவளுக்குப் பேச்சு இருந்தது. ஓடை வழியாகக் கடல் வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரே கார் ஜெகநாதனுடையது. ஆவுடையப்பன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். ஷெட் சாத்தியிருந்தது. கேட்டிலேயே ஜெகநாதன் கையை விரித்தார்.

“வண்டிக்குள்ள கடல் தண்ணி ஏறிடுச்சு ஆவுடை, க்யா கரேகா, என்ன பண்றது? இனிமே அது அசையாது.”

கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியிலேயே ரெங்கம்மாவின் பேச்சு நின்றுவிட்டது.

தண்ணீர் ஏறிய வண்டியை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்? ஆவுடையப்பன் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. கடலைத்தான் சொன்னான். ஃபெர்ரியில் ஏறும்போதெல்லாம் தண்ணீரில் ஒரு தடவை காறித் துப்புவான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தவறவில்லை. இன்று காலையும் துப்பிவிட்டுத்தான் வந்தான்.

பின்சீட்டைத் தூக்கினான். ஸ்பிரிங்கில் துரு இருந்தது. ஆனால் மேலோட்டமான காற்றுத் துரு. அது இந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் உண்டு. துருப்பிடிக்காதது மனுஷன் நாக்கு ஒன்றுதான்.

சேஸிஸைச் சுத்தியலால் தட்டினான். கணீரென்றது. ஹெட்லைட்டைக் கழற்றினான். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள். மணல் இல்லை.

பிற்பாடு எல்லாவற்றையும் புதுசாக மாற்றியிருக்கலாமே? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தான். பின்னால் பழைய அட்டை அப்படியே இருந்தது. வண்டி செய்த இடத்தில் யாரோ ஒருவன் எழுபது வருஷத்துக்கு முன்னால் பென்சிலில் கிறுக்கிய எண்கூடக் கலையவில்லை. உப்புத் தண்ணீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் ஏறியிருந்தாலே அந்த அட்டை கூழாகியிருக்கும்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கடலை அநியாயமாகத் திட்டியாயிற்று.

போன் அடித்தது. சென்னைக்காரர்தான். ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்த ஜெகநாதன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

‘ஏறியிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி இங்கேயே கிடந்து மட்கும். அவருக்கும் வேண்டியதுதான். வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அவனுக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

“இல்ல சார். ஒரு சொட்டு கடல் தண்ணி ஏறல” என்று ஜெகநாதனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷர். இப்போது முகம் வெளிறும். கண் தாழும். எதையாவது உளறிக் கொட்டுவார். ஆவுடையப்பன் காத்திருந்தான்.

ஜெகநாதனின் முகம் மலர்ந்தது. அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

“நான்தான் சொன்னேனே சாப்! சுனாமி அன்னைக்கே ஒரே செல்ஃபுல ஸ்டார்ட். ஃபேமிலி மொத்தத்தையும் ஏத்திக்கிட்டு பெரார்கஞ்ச் மேட்டுல போய் நின்னுட்டேன்ல!”

கேட்டில் நின்று சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை. கேட்ட விலைக்கே முடிந்தது.

ஆவுடையப்பன் உள்பலகையைப் பொருத்தி, ஒவ்வொரு ஸ்குருவாக முடுக்கினான்.

அந்த செல்ஃப் மோட்டாரை, சுனாமிக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவன் கழற்றிச் சரிசெய்து மாட்டிக் கொடுத்திருந்தான். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது ரெங்கம்மா.