ஃபாஹிம் நானாவின் மூக்கு

"தம்பி, தம்பி, அதத் தொறக்காதீங்க! இது இத்தா வீடு!"

நஸீர் பதறிப்போய்க் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். றொபி பாதி திருகிய மூடியை அவசரமாக இறுக்கினான். சிலாபத்துக் கத்தோலிக்கனுக்கு இத்தா என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. கணவனை இழந்த பெண் சில மாதங்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டாள், வாசனை பூசமாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். கையில் ஒரு சென்ட் போத்தல் வந்துவிட்டால் அவனுக்கு உலகமே மறந்துபோகும், அதுதான் பிரச்சினை.

"மன்னிச்சுக்கொள்ளுங்க நானா. நீங்களாவது ஒருக்கா மணந்து பாத்துச் சொல்லுவீங்க எண்டுதான்..."

"என்னையா கேக்கிறீங்க? எனக்கு அத்தருக்கும் ஷாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. அதெல்லாம் மச்சான்ட வேல."

மச்சான் என்றது ஃபாஹிமை. நஸீரின் தங்கை ஸுஹைராவின் கணவர். கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரி. ஆண்களுக்கான பழைய சென்ட் சேர்ப்பவர்களின் முகநூல் குழுவிலோ அவர் முடிசூடா மன்னர். அங்கே எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். ஃபாஹிம் நானா ஒரு வரி எழுதிவிட்டால் கொழும்புப் பெரிய புள்ளிகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். அவர் மாரடைப்பில் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகிறது.

முன்னறைக் கண்ணாடி அலுமாரியை றொபி ஆசை தீரப் பார்த்தான். பச்சைப் போத்தல், கப்பல் படம் போட்ட வெள்ளைப் போத்தல், தோலுறை போட்ட குட்டிப் போத்தல். ஒவ்வொன்றும் அவன் பிறப்பதற்கு முந்தியது.

"இவ்வளவையும் எங்க பிடிச்சார் நானா?"

"வீடு வீடாத்தான். அந்தக் காலத்துல குவைத், சவூதி போய் வந்தவங்க கொண்டுவந்த சாமான். நல்லது பெரியதுக்குப் பூசுவம் என்டு அலுமாரிக்குள்ள வச்சிட்டு, பூசாமலே கிழடாகிட்டாங்க. மச்சான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வருவார். வந்ததும் சோறு தண்ணி இல்ல, முதல்ல தங்கச்சிக்குத்தான் காட்டணும்."

"அவர்ட மூக்கு மூக்குத்தான் நானா! ஒருக்கா எழுதியிருந்தார், முதல்ல கராம்பு வரும், பிறகு சந்தனம், பொழுதுபட்டாத்தான் தோல் மணம் எழும்பும் எண்டு. நானும் அதையே பூசிப் பாத்தன். சொல்லி வச்ச மாதிரி வந்துது!"

உள்ளறைத் திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"தட்டையான கறுப்பு மூடிப் போத்தலா தம்பி?" ஸுஹைராவின் குரல்.

"ஓம் அக்கா, அதேதான்."

"பொழுதுபடும் மட்டும் தேவையில்ல. வெயில்ல நடந்தா பின்னேரம் அசருக்கே தோல் மணம் வந்துரும்."

றொபிக்கு மெய்சிலிர்த்தது. கூட வாழ்ந்தவருக்கே இவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றால் அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார்!

"இதுல அதிசயம் என்ன தெரியுமா?" என்றார் நஸீர். "கருவாட்டு வாடிக்குள்ள கால் வச்சா நாங்க மூக்கப் பொத்திக்கொள்ளுவம். மச்சான் அங்கயே குந்தி இருந்து சோறு தின்பார். முகத்துல ஒரு சுழிப்பு இருக்காது."

"அதுதான் நானா திறமை! அந்த நாத்தத்துக்க இருந்துகொண்டு லெவண்டரப் பிடிக்கிறதெண்டா சும்மாவா?"

சொல்லும்போதே றொபியின் குரல் இறங்கிவிட்டது. கையிலிருந்த போத்தலைத் தடவினான். லேபல் உரிந்த பழைய போத்தல். அடியில் விரல் நுனி அளவுக்குத்தான் சென்ட் மிச்சம்.

"இது என்ட அப்பாட. கப்பல்ல வேலை செய்தவர். எங்க வாங்கினார், பேர் என்ன, ஒண்டும் தெரியாது. தலவிலத் திருவிழாவுக்கு மட்டும் பூசுவார். ஆள் போன பிறகு அம்மா ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர்ட சேர்ட்ட எடுத்து மணந்து பாக்கிறா. இப்ப அதுலயும் மணம் போயிட்டுது. பேர் தெரிஞ்சா எந்த நாட்டில எண்டாலும் இன்னொண்டு தேடி எடுப்பன்."

"கொழும்புல கேட்டீங்களா?"

"கேக்காத ஆளில்ல நானா. ஆளுக்கொரு பேர் சொல்லுறாங்க. ஃபாஹிம் நானா மட்டும்தான், படத்தப் பாத்து மணம் சொல்ல ஏலாது, போத்தலக் கொண்டு வாங்க எண்டு எழுதினார். நான்தான் அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு இழுத்திட்டன்." அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. "இனி இத ஆர் சொல்லப் போறாங்க?"

நஸீர் பிளேன்டீயை அவன் பக்கம் நகர்த்தினார். றொபி குடித்துவிட்டு, போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு எழும்பினான்.

"போத்தல வச்சிட்டுப் போங்க தம்பி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "இத்தா முடிஞ்சதும் பேரச் சொல்றன்."

றொபி நின்றான். "ஆருக்காவது அனுப்பிக் கேக்கப் போறீங்களா அக்கா? அவர மாதிரி வேற ஆள் இருக்கா?"

நஸீரும் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் பூசிட்டு வந்து முன்னால நிப்பார், நான் மணந்து சொல்லச் சொல்ல எழுதுவார். அவருக்குத்தான் பொறந்ததுலருந்தே ஒரு மணமும் தெரியாதே, தம்பி."