மீசையும் சேர்த்து

“மீசையையும் எடுத்துருங்கண்ணே” என்றான் ரால்ஃப். ஆரப்பாளையம் சலூனில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

தலை ஏற்கனவே மொட்டையாகிவிட்டது. கத்தியோடு நின்ற மருதுவுக்குத்தான் கை ஓடவில்லை. “வேண்டுதலா சார்? சாமிக்குத் தலைமுடி போதும். மீசை எதுக்கு?”

“வேணும்ணே. சீக்கிரம், வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க.”

“போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்பணும்ல, அதான் அவசரம்” என்றார் பெஞ்சில் இருந்த காளை. ரால்ஃப் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார், கோச்சடை முத்துக்கருப்பன் வீட்டு மாடியில் நாலு வருஷமாகக் குடியிருப்பவன் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளைத் தோலைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

“வேஷங் கட்டுறதுல அம்புட்டு ஆசை அமெரிக்காக்காரனுக்கு. பாசந்தான் கெடையாது. பெத்த அப்பன் செத்தாலும் மாலைக்குக் காசை அனுப்பிட்டு வேலையப் பாப்பாய்ங்க. என்ன சார், நெசந்தான?”

வந்த புதிதில் என்றால் ரால்ஃப் மல்லுக்கு நின்றிருப்பான். இன்று அந்தப் பேச்சு காதோடு நின்றுவிட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்தே அவனுக்குள் எதுவும் அசையவில்லை. ஒரு சொட்டு அழுதாலாவது தேவலை என்றிருந்தது.

மீசையும் போனது. கண்ணாடியில் யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். ரால்ஃப் காசை வைத்துவிட்டு எழுந்தபோது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. முத்துக்கருப்பனின் மைத்துனர் விருமாண்டி, தோளில் ஈரத் துண்டோடு இறங்கினார்.

“முடிஞ்சுச்சா தம்பி? வாங்க, பொழுதேறுது. நீங்க வந்துதான் கொள்ளிச்சட்டி எடுக்கணும்.”

சலூனில் சிரிப்பு நின்றது. காளை எழுந்துவிட்டார். “யாருண்ணே?”

“எங்க மச்சான் முத்துக்கருப்பன். மாடித் தம்பிதான் கொள்ளி வைக்கணும்னு சொல்லிட்டுல்ல கண்ண மூடுனாரு.”

“அவருக்கு ஒத்த மகன் இருக்கான்ல?”

விருமாண்டி சைக்கிளைத் திருப்பினார். ரால்ஃப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“இருக்கான், அமெரிக்காவுல. டிரங்க் கால் போட்டுச் சொன்னோம். மாலைக்குக் காசு அனுப்புறானாம்.”