இடது பக்கத்துப் பொய்

“வலியா? எனக்கா? ஒண்ணுமே இல்ல. இந்தத் தலையணைதான் கல்லு மாதிரி இருக்கு.”

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்த அந்த அம்மாளை நர்ஸ் குழப்பத்தோடு பார்த்தாள். போர்வை, ஃபேன், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை என்று எல்லாவற்றையும் குறை சொன்னவர் வலியை மட்டும் சொல்லவில்லை. ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. நாடித்துடிப்பு நூற்றுப் பதினைந்து.

“கொஞ்சம் இருமுங்கம்மா.”

“இருமல் வந்தாத்தானே இருமணும்.”

“இருமலேன்னா நெஞ்சுல சளி கட்டும். காய்ச்சல் வரும். இன்னும் ஒரு வாரம் இங்கேயேதான்.”

“இந்தத் தலையணையோடயா?” என்றாரே தவிர இருமவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்ததும் வயிற்றின் இரு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். வயிற்றுத் தசைகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவேதான் வலியைச் சொல்லும் நரம்புகள் ஓடுகின்றன. மருந்து சரியான இடுக்கில் பரவினால் தையலின் வலி மூளைக்குப் போகாது. ஓர் அடுக்கு தவறினாலும் ஊசி பிடிக்காது.

ஊசி பிடித்த இடத்தில் குளிர்ச்சியும் தெரியாது. நர்ஸ் ஒரு ஐஸ் கட்டியோடு வந்தாள்.

“கண்ணை மூடிக்கோங்க. சில்லுனு இருந்தா ‘ஆமா’ சொல்லுங்க. இல்லேன்னா ‘இல்ல’ சொல்லுங்க.”

வலது பக்கம் வைத்தாள். பதில் இல்லை. இடது பக்கம் வைத்தாள்.

“இல்ல.”

எடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி அங்கேயே வைத்தாள்.

“இல்ல.”

“ஒண்ணும் தெரியலேன்னா, நான் வைக்கும்போது மட்டும் கரெக்டா எப்படிம்மா ‘இல்ல’ வருது?”

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து திருதிருவென விழித்தார்.

“இடது பக்கம் பிடிக்கல. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும். ஊசி போட்ட சின்ன டாக்டருக்கு இன்னைக்கு இருக்கு.”

“ஐயோ, பெரிய டாக்டர்கிட்ட சொல்லாதேம்மா. அந்தப் பொண்ணையே கூப்பிடு. அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடட்டும்.”

சின்ன டாக்டர் ஓடி வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஸ்கேன் கருவியில் தசை அடுக்கைத் தேடிப் பிடித்து, இடது பக்கம் மறுபடி மருந்தைச் செலுத்திவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் நாடி எண்பத்தெட்டுக்கு இறங்கியது. அந்த அம்மாள் வார்டே திரும்பிப் பார்க்க இருமினார்.

“முதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்க வேணாமே?” என்றாள் நர்ஸ்.

“சொன்னா பெரிய டாக்டர் அவளைத் திட்டுவாரே. திட்டறதுக்குத்தான் வீட்டுல மாமியார்னு நான் ஒருத்தி இருக்கேனே, போதாதா?”