வெளியேறியோர் அறுபத்தைந்து

“ரெண்டு பேரைக் காணோமேம்மா. எங்க போனாங்க?” கூட்டத்தின் நடுவே ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

புள்ளியியல் அலுவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நகராட்சிக்காக நான்கு மாதம் உட்கார்ந்து அவள் உருவாக்கிய மக்கள்தொகைக் கணக்கு திரையில் இருந்தது. இந்த வருடம் பிறந்தவர் தொண்ணூற்றொன்று, குடிவந்தவர் இருபது. இறந்தவர் நாற்பத்தேழு, ஊரைவிட்டு வெளியேறியவர் அறுபத்துமூன்று. கூட்டிக் கழித்தால் ஊர் ஒரே ஓர் ஆள் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த வேகத்தை வைத்துத்தான் அடுத்த பத்து வருடத்துக்கும் கோடு இழுத்திருந்தாள்.

“ஊரைவிட்டு வெளியேறுறவங்க எழுதிக் கொடுத்த படிவம் அறுபத்தஞ்சு. அடிக்கட்டையை நானே எண்ணிப் பார்த்தேன். அந்த ரெண்டையும் சேர்த்தா ஊர் வளரலை, சுருங்குது. சுருங்குற ஊர்ல பிரசவ ஆஸ்பத்திரியை மூடிடுவாங்கன்னு நீங்களே மறைச்சீங்களா?”

அத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போயிற்று. வெளியேறியவர் எண்ணிக்கையைக் கொடுத்தவள் பதிவேட்டு எழுத்தர். விடுமுறை என்றால் இவள் வீட்டிலேயே கிடப்பவள், கூடப்பிறக்காத தங்கை.

நேரே பதிவேட்டு அறைக்குப் போனாள். எழுத்தர் தன் இழுப்பறையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “வெள்ளையடிக்கப் போறாங்கக்கா,” என்றாள், கேட்காமலே.

“ரெண்டு படிவத்தை ஏண்டி மறைச்ச? உன்னை நம்பித்தானே அவ்வளவு கணக்கும் போட்டேன்?”

எழுத்தர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள்.

அலுவலருடைய கணவனின் கையெழுத்து. ‘வெளியேறும் நாள்: இம்மாதக் கடைசி. திரும்பி வரும் உத்தேசம்: இல்லை.’ இன்று காலையில்கூட காப்பி கலந்து கொடுத்து, “கூட்டத்துல தைரியமா பேசு” என்று வாசல்வரை வந்து வழியனுப்பியவன்.

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் தாங்க மாட்டேன்னுதானே மறைச்ச? அவர் செஞ்சதுகூடப் பரவாயில்லை, உன்னைப் போய் சந்தேகப்பட்டேன் பாரு.”

எழுத்தர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சரி, இன்னொரு படிவம் யாரோடது?”

“என்னோடதுக்கா.”