கார்டு இல்லாத டாக்டர்

பெரிய டாக்டரை ஆஸ்பத்திரி வாசலிலேயே மடக்கிவிட்டார் மிலிட்டரி. ஆபரேஷன் நின்றுபோயிற்று.

ஆஸ்பத்திரி மேனேஜருக்குச் செய்தி போயிற்று. உள்ளே பித்தப்பையில் கல்லோடு படுத்திருப்பது அவருடைய சொந்த அண்ணன். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

மிலிட்டரி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஊழியர் வாசலில் காவலுக்கு நிற்கிறார். சம்பளம் கிடையாது. அதனால் சம்பளத்தைப் பிடிப்பேன் என்று மிரட்டவும் வழி கிடையாது.

மேனேஜர் வாசலுக்கு ஓடினார். பெரிய டாக்டர் கார் பின்சீட்டில் ஏறி, கதவை அறைந்து சாத்தியிருந்தார்.

"யோவ் மிலிட்டரி! யாரை நிறுத்தியிருக்கேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். பெரிய டாக்டர்."

"அப்புறம் என்னய்யா?"

"கழுத்துல கார்டு இல்ல சார். கார்டு இல்லாம எங்க அப்பாவே வந்தாலும் விடாதேன்னு நீங்கதான் ஆர்டர் போட்டீங்க."

"எங்க அப்பா போய்ச் சேர்ந்து வருஷமாச்சுய்யா!"

"அதனாலதான் சார் வரல. வந்தா நிறுத்தியிருப்பேன்."

"ஆர்டரை வாபஸ் வாங்கறேன். விடு!"

"எழுத்துல குடுங்க சார்."

மேனேஜர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது. காகிதம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் வந்தார். அவர் கழுத்தும் காலி. மிலிட்டரி சல்யூட் அடித்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டார்.

"அவருக்கு எங்கேய்யா கார்டு?"

"தெரிஞ்ச முகம் சார்."

"பெரிய டாக்டர் முகம் தெரியாதா உனக்கு?"

மிலிட்டரி குதிகாலைச் சேர்த்தார். விறைப்பாக நின்றார். பட்டாளத்தில் அதற்குத்தான் பயிற்சி.

"துப்பாக்கிய வாங்கிட்டு அனுப்பினாங்க. திமிர வாங்க மறந்துட்டாங்க" என்றார் வேடிக்கை பார்க்க வந்த லேப்காரர். கூடியிருந்த நர்சுகள் சிரித்தார்கள்.

முதலில் டாக்டரைக் குளிர வைக்க வேண்டும். அப்புறம் இந்த ஆளை விரட்ட வேண்டும். மேனேஜர் கார் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"டாக்டர், அது ஒரு மரமண்டை. மனசுல வச்சுக்காதீங்க. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

கண்ணாடி இறங்கியது.

"எவன்யா... அவன்..."

மேனேஜர் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். குப்பென்று அடித்தது வாடை. ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த டாக்டரின் விரல்கள் நடுங்கின.

இது மேனேஜருக்குப் புதுசில்லை. ஆஸ்பத்திரிக்கே புதுசில்லை. 'பெரிய கை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்' என்று அவரே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்போதெல்லாம் மேஜையில் படுத்திருந்தவர்கள் ஊரார் வீட்டு அண்ணன்கள்.

நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும் டாக்டர். கார்டு இல்லாம விட முடியாது. ரூல்னா ரூல்தான்."

கார் போய்விட்டது. கூட்டமும் கலைந்தது.

"ஏன்யா, இதை முன்னாடியே என் காதுல போட்டிருக்கலாம்ல?"

"போன மாசம் போட்டேன் சார். உன் வேலையப் பாருன்னீங்க."

மேனேஜர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"சரி, இன்னிக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. எல்லாரும் உன்னையில்ல திட்டினாங்க?"

"என்னைத் திட்டினா என்ன சார் குறைஞ்சு போகுது? எத்தனையோ உயிரைக் காப்பாத்தின மனுஷன் அவர். கார்டு இல்லேன்னா நாளைக்குக் கார்டோட வரலாம். குடிச்சிருக்காருன்னு நான் கத்தியிருந்தா, எந்த முகத்தோட வருவார்?"

பெரிய டாக்டருக்குப் பதிலாகச் சின்ன டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அண்ணனின் பித்தப்பை கல்லோடு வெளியே வந்தது. அண்ணனும் முழுசாக வெளியே வந்தார்.

சாயங்காலம் அண்ணன் கண்ணைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெரிய டாக்டர் கைராசியே ராசிடா தம்பி. அவர் மட்டும் இல்லேன்னா நான் பிழைச்சிருப்பேனா?"

"அவர் இல்லாததாலதான் பிழைச்சீங்கண்ணா. ஆபரேஷன் பண்ணது சின்ன டாக்டரம்மா."

"ஏன், அவருக்கு என்ன ஆச்சு?"

"வாசலோட திருப்பி அனுப்பியாச்சு."

"அவரையேவா! யாருக்குடா அவ்வளவு தைரியம்?"

'எனக்குத்தான்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேனேஜர் அதை விழுங்கினார்.

"நம்ம மிலிட்டரிக்கு."