பின்னறைச் சுவரின் விலை

அரசு மதிப்பீட்டாளர் இரண்டு ஊசிகள் நீட்டிய, ஈரம் கண்டால் கத்தும் கருவியைப் பின்னறைச் சுவரில் வைத்து அழுத்தினார். அது வீறிட்டுக் கத்தியது.

டெனிஸ் அக்ராய்டின் காதில் தேன் பாய்ந்தது.

மகள் பெத்தின் கட்டில் சுவரைவிட்டு மூன்றடி தள்ளிக் கிடந்தது. தலையணைக்குப் பக்கத்தில் நீல இன்ஹேலர். ஏழு வயதுப் பெண், இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நகரக் கவுன்சிலுக்கு நான்கு வருடத்தில் பதினோரு கடிதம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சுவரில் ஈரம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குள் துணி காயப்போடாதீர்கள், கெட்டில் கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு தடவை, ஜன்னலைத் திறந்துகொண்டு சிரிக்கும் பெண்ணின் படம் போட்ட துண்டுப்பிரசுரம்கூட வந்தது. அதை டெனிஸ் அந்தச் சுவரிலேயே ஒட்டினாள். மூன்றே வாரத்தில் படத்திலிருந்த பெண்ணுக்குப் பூஞ்சையில் மீசை முளைத்தது.

அதன் பிறகுதான் வீட்டை விலைக்குக் கேட்டு விண்ணப்பம் போட்டாள். வாடகைக்கு இருப்பவர்கள் கவுன்சில் வீட்டை வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. 'நல்ல நிலையில் உள்ள வீடு' என்று எழுதி கவுன்சில் ஒரு விலை சொன்னது. அநியாய விலை என்று டெனிஸ் மல்லுக்கு நின்றாள். அந்த விலைத் தகராறைத் தீர்க்கத்தான் இன்று மதிப்பீட்டாளர் பெரியவர் வந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவுகிறவள் வீடு வாங்குகிறாளாம் என்று தெருவே சிரித்தது. "மகாராணி எப்ப அரண்மனைக்குச் சொந்தக்காரி ஆவப்போறாங்க?" என்று எதிர்வீட்டு மேவிஸ் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

கேட்டுவிட்டுப் போகட்டும்.

கவுன்சில் ஆள் ஹாலிடே கதவில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு பதில்களுக்கும் அடியில் இருந்த கையெழுத்து அவனுடையது. அதனால் டீ மதிப்பீட்டாளருக்கு மட்டும்தான்.

பெரியவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தார். "கூரைத் தண்ணி போற குழாய் ஒடஞ்சு கெடக்கு. மழை மொத்தமும் சுவத்துக்குள்ள எறங்குது. இதுக்கும் துணி காயப்போடறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

ஹாலிடே எகிறுவான் என்று டெனிஸ் எதிர்பார்த்தாள். பதிலுக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

அவனோ சிரித்தான். "எழுதிக்கோங்க சார். குழாய் ஒடஞ்சு நாலு வருஷமாச்சு, நாங்க ரிப்பேர் பண்ணல. அதுக்குத் தக்கன விலையக் கொறச்சிடுங்க. வாங்கினப்புறம் இந்தச் சுவரு மிஸஸ் அக்ராய்டோட தலைவலிதானே?"

பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினார். ஹாலிடே பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டான். ஒரு சனியன் ஒழிந்தது என்ற நிம்மதி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

டெனிஸ் கார்பன் பிரதியைக் கேட்டு வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். தேதியைச் சரிபார்த்தாள். நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள்.

"வாழ்த்துகள்" என்று ஹாலிடே கையை நீட்டினான். "இனிமே உங்க வீடு."

"யாரு சொன்னது, ராசா? சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்" என்றாள் டெனிஸ். "நான் வாடகைக்காரிதான். வீடு உங்களோடது, ஒடஞ்ச குழாயும் உங்களோடது. இந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள ஏணியத் தூக்கிட்டு வந்துருங்க."

சொல்லிவிட்டு, துண்டுப்பிரசுரத்துப் பெண்ணைப் போலவே சிரித்துக்கொண்டு, ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.