விக்கும் எஞ்சின்

ஒஸ்லோவின் ஓரத்தில், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் வாடகைக் கராஜுக்குள், குளிர்காலம் முழுவதும் பிரித்துப் போட்டிருந்த பழைய மஸ்டாங் காரின் எஞ்சின் உறுமுகிறது. சாவியைத் திருப்பிய யோகராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பு சீராக ஓடிய எஞ்சின் இப்போது விக்கி விக்கித் துடிக்கிறது. அவள் உட்கார்ந்திருக்கும் இருக்கையும் சேர்ந்து குலுங்குகிறது. கடைசி போல்ட்டுகளை இறுக்கியது அவள்தான்.

“நான் ஏதும் பிழையாப் பூட்டிப்போட்டனோ?” என்று கணவனிடம் கத்துகிறாள்.

“இல்லையப்பா! வேகத்துக்கெண்டு எஞ்சினுக்குள்ள பெரிய காம்ஷாஃப்ட் மாத்திப் போட்டால், மெல்ல ஓடேக்க இப்பிடித்தான் கேக்கும்!” என்கிறான் இரவீந்திரன். அவன் கண்களில் நீர் வழிகிறது. புகையா, சந்தோஷமா, அவளுக்குத் தெரியவில்லை.

“நிப்பாட்டட்டே?”

அவன் ஆட்டும் தலை ஓமென்கிறதா, வேண்டாமென்கிறதா? குழம்பியபடியே அவள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாள். விக்கல் நின்று, ஒரே நீளமான முழக்கமாகிறது. காலை எடுத்ததும் மீண்டும் விக்கல். ஏனென்று தெரியாமலே அவளுக்குச் சிரிப்பு வருகிறது. விரல்கள் மட்டும் சாவியை விடவில்லை.